சாமியாருக்கு நாக்காக இருந்தவர்

கோயம்புத்தூரில் மில் வீதிக் கத்தோலிக்கக் கோவிலில் மணியடித்து பூசைக்கு எடுபிடி செய்யும் ஒரு கோவில்பிள்ளை இருந்தாராம். பூசைக்கு வைக்கும் திராட்சை ரசத்தில் ஒரு சொட்டை நாக்கில் வைத்தால் போதுமாம். கொடிக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தது, பழம் பறித்த அன்றைக்கு வெயிலா மூடாக்கா, பறித்தவள் வெற்றிலை போடுகிறவளா என்பது வரைக்கும் சொல்லிவிடுவாராம். இப்படி ஒரு பேச்சு பீளமேட்டிலிருந்து துடியலூர் வரைக்கும் மில் குடும்பங்களில் சுற்றிக்கொண்டிருந்தது. சொன்னவர்களில் ஒருவர்கூட நேரில் கேட்டவர் இல்லை. மச்சினன் சொன்னான், மச்சினனுக்கு மில்லில் நூல் சுற்றும் ரீலிங்கில் வேலை செய்கிற ஒரு அம்மா சொன்னார் என்றுதான் கதை வரும். மதுவிலக்குக் காலம். திராட்சை ரசம் எப்படி ருசிக்கும் என்று வாய்விட்டுப் பேசுவதே ஒரு திருட்டு சுகமாக இருந்தது. பேச்சு அதனாலேயே பரவியிருக்கலாம்.

அந்தப் பேச்சில் பாதி, சொன்னவர்கள் சேர்த்தது. மீதிப் பாதி அந்தோணிராஜின் வாழ்க்கை.

அந்தோணிராஜ் பதினாறு வயதில் மில்லுக்குப் போனவர். பஞ்சுப் பொதியை உடைத்துப் பிரிக்கும் இடத்தில் இருபது வருஷம் வேலை. நெஞ்சில் பஞ்சுத்தூசி அடைந்து இருமல் நிற்காமல் போனபோது, 1946இல், கோவிலில் மணியடிக்கவும் மெழுகுவர்த்தி ஏற்றவும் ஆள் தேவைப்பட்டது. அங்கே சேர்ந்தார். மனைவி விமலாராணி அதே மில்லில் ரீலிங் பகுதியில் இருந்தாள். சத்தியமங்கலத்துப் பெண். குழந்தைகள் இல்லை. கோவிலுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு.

பிஷப்பான மேற்றிராணியார் அனுப்பும் ரசம் அந்தக் கோவிலுக்கு வருவதில்லை. அங்கேயே செய்துகொள்வார்கள். துடியலூரில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த திருமலைசாமி நாயுடு, கோவில் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்ற முறையில் வருஷம்தோறும் ஆவணியில் நான்கு கூடைப் பழம் அனுப்புவார். அதைப் பிழிந்து ஜாடியில் ஊறவைத்து, தெளிந்த பின் ஒரு சின்னப் பீப்பாயில் ஊற்றித் தக்கை அடைத்து, தக்கையைச் சுற்றித் தேன்மெழுகு வார்த்துவிட வேண்டும். காற்றுப் புகக்கூடாது. அந்தப் பீப்பாய் ஒரு வருஷத்துப் பூசைகளுக்குச் சரியாக வரும். கலால் இலாகாவின் பெர்மிட் கண்ணாடிச் சட்டம் போட்டு, பூசையுடுப்பு வைக்கும் அறையின் சுவரில், அந்தோணியார் படத்துக்குப் பக்கத்தில் தொங்கும்.

அந்தக் காலத்தில் பூசையில் ரசம் குடிப்பது சாமியார் ஒருவர்தான். சனங்களுக்கு அப்பம் மட்டும். அடுத்த வீட்டு ரூத் வேறு சபை. அவள் விமலாராணியோடு ரீலிங்கில் வேலை செய்கிறவள். வாய்க்கொழுப்பு ஜாஸ்தி.

"எங்க கோவில்ல எல்லாருக்கும் ஒரு வாய் உண்டுங்க அண்ணா. உங்க சாமி ஒருத்தரே குடிச்சுப்போட்டு உங்களுக்கெல்லாம் வெறும் கையக் காட்டறாரு" என்பாள்.

"உங்குளுது காஞ்ச திராட்சைய வேக வெச்ச தண்ணி. அத எல்லாருக்கும் ஊத்துனா என்ன, ஊத்தாட்டி என்ன" என்பாள் விமலாராணி.

ஞானாபரணம் சாமியார் அந்தப் பங்குக்கு வந்தது 1950இல். திருச்சிப் பக்கத்துக்காரர். மறு வருஷமே விஷக்காய்ச்சலில் நாற்பது நாள் படுத்தார். எழுந்தபோது உடம்பு தேறியது, நாக்கு தேறவில்லை. உப்பு, புளி, காரம், இனிப்பு எதுவும் இல்லை. வாசமும் போய்விட்டது. அதை யாரிடமும் சொல்லாமல் மூன்று மாதம் சாப்பிட்டார். பிறகு ஒரு நாள் பூசை முடிந்து உடுப்பைக் கழற்றும்போது அந்தோணிராஜிடம் சொன்னார்.

"சோறும் சாக்பீசும் எனக்கு ஒண்ணுதான், அந்தோணி."

"டாக்டர்கிட்ட..."

"அதெல்லாம் பார்த்தாச்சு. எனக்குச் சோறு போனா போகட்டும். ரசம்தான் பயமா இருக்கு. லேசாப் புளிச்சிருந்தா அது குறை, பூசை செல்லும். முழுக்கப் புளிச்சுக் காடியாயிட்டா அது ரசமே இல்லை. அதை வச்சுச் செஞ்சது பூசையே இல்லை. நாளைக்கு நீ காடியை ஊத்திக் கொடுத்தாலும் எனக்குத் தெரியாது. மேற்றிராணியார் வீட்டுக்கு இது தெரிஞ்சா என்னை எங்கேயாவது ஓய்வுக்கு அனுப்பிடுவாங்க. நீ பார்த்துச் சொல்லு."

"நானுங்களா சாமி? பெர்மிட்டுல உங்க பேருதானுங்க இருக்குது."

"நாக்குக்குன்னு தனியா பெர்மிட் எழுதலை. ஒரு சொட்டு போதும். பூசைக்கு முந்தி அது வெறும் ரசம்தான்."

மறுநாள் விடியலில் சின்னக் குப்பியில் ரசத்தை ஊற்றும்போது அந்தோணிராஜ் விரல்நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். நாற்பத்தோரு வயதில் முதல் தடவை. "நல்லாருக்குதுங்க சாமி" என்றார்.

"நல்லா இருக்குன்னா? அது உங்க மேஸ்திரி பஞ்சைப் பார்த்துச் சொல்றது. எனக்கு ஒண்ணும் வரலியே. எது மாதிரி இருக்கு?"

அந்தோணிராஜுக்கு இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டு யோசித்தார்.

"பொதிய உடைக்கறப்ப தூசி வாயில படுமுங்க. எச்சியெல்லாம் இழுத்துக்கும். அதாட்டம் கன்னத்துக்கு உள்ளாற புடிக்குதுங்க. அது போனதும் நாவப்பழம் தின்ன நாக்காட்டம் ஒரு கனம். கடைசில, இருக்குதா இல்லியான்னு தெரியாம, ஆறிப்போன கரும்புப் பாகு."

ஞானாபரணம் சாமியார் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அன்றைக்குப் பீடத்தில் பாத்திரத்தை வாயில் வைத்தபோது அவர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டதாக அந்தோணிராஜுக்குப் பட்டது.

அதன் பிறகு ஆறு வருஷம், தினமும், பூசைக்கு முந்தி ஒரு சொட்டும் ஒரு சொல்லும். பீப்பாய் ஒன்றேதான். ஆனால் சொல் மாறும். மழைக்காலத்தில் ரசம் பவானி ஜமக்காளத்தை நனைத்துக் கொடியில் போட்டது போல இருக்கும். கோடையில் பாதி பழுத்த இலந்தை. ஒரு நாள் இரும்புச் சாவியைக் கடித்தது போல. ஒரு நாள் புதுச் சட்டி. சாமியார் சில சமயம் மதியம் கூப்பிட்டனுப்புவார். "சாவின்னியே, துருப்பிடிச்ச சாவியா, கையில புழங்குற சாவியா?" அந்தோணிராஜ் நின்று யோசித்து, "புழங்கறதுதானுங்க, மடியில வெச்சு சூடான சாவி" என்பார். மில்லில் இருபது வருஷம் "ஆமாங்க, இல்லீங்க" தவிர வேறு பேசியறியாத மனிதர். தன் வாயில் இத்தனை இருப்பது அவருக்கே புதிது. விமலாராணியிடம்கூடச் சொல்லவில்லை. அது சாமியாருடைய ரகசியம். பேச்சு எப்படியோ சுவரைத் தாண்டிப் போய்க் கிணறும் வெற்றிலையும் சேர்த்துக்கொண்டு வந்தது.

1957 ஐப்பசியில் ஒரு நாள், பகல் பதினோரு மணி. தெளிந்த ரசத்தைப் பீப்பாயில் ஊற்றி முடித்து, தக்கையை மேலே வைத்துவிட்டு, அடுப்பில் மெழுகு உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரூத் வாசலில் வந்து நின்றாள். அவள் கையில் முறுக்குநூல் இன்னும் சுற்றியிருந்தது.

"அண்ணா, வாங்க. அக்கா மில்லுல உழுந்துபோட்டாங்க."

"என்னாச்சு?"

"வாங்கன்னா வாங்க."

அடுப்பை அணைத்தாரா என்பதுகூட அவருக்கு நினைவில்லை. போய்ச் சேர்ந்தபோது விமலாராணியை நூல் மூட்டைகளின் மேல் கிடத்தியிருந்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் பிறகு சொன்னார். அடக்கம், சத்தியமங்கலத்துச் சொந்தம், வருகிறவர் போகிறவர் என்று ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் பீப்பாய் இருந்த அறைக்குள் போனபோது சட்டியில் மெழுகு உறைந்து கிடந்தது. தக்கை பீப்பாயின் மேல் சாய்ந்து கிடந்தது. அதைச் சுற்றிப் பொடி ஈக்கள்.

தக்கையை அழுத்தி அடைத்தார். மெழுகைத் திரும்ப உருக்கி வார்த்தார். பழைய பீப்பாயில் இன்னும் மூன்று வாரத்துக்கு ரசம் இருந்தது. அதனால் அதைப் பற்றி நினைக்காமல் இருக்க முடிந்தது.

பழைய பீப்பாய் தீர்ந்த மறுநாள்தான் விமலாராணியின் முப்பதாம் நாள் பூசை. மனிதக் கணக்கில் அது தற்செயல். அந்தோணிராஜ் பிற்பாடு அதைத் தற்செயல் என்று ஒருபோதும் எண்ணவில்லை. கோவிலில் சத்தியமங்கலத்துச் சனம் உட்கார்ந்திருந்தது. ரீலிங் பெண்கள் ஷிப்டுக்கு முந்தி வந்து பின்னால் நின்றார்கள். வேறு சபைக்காரி ரூத்தும் தூணோரம் நின்றாள். சாமியார் கறுப்பு உடுப்பு போட்டு நின்றார். அந்தோணிராஜ் புதுப் பீப்பாயிலிருந்து குப்பியை நிரப்பி, விரலை நனைத்து, நாக்கில் வைத்தார்.

சுரீரென்றது.

ஆனால் அந்த முப்பது நாளில் அவர் வாயில் வைத்த எதுவும் அப்படித்தான் இருந்தது. தண்ணீர்கூடப் புளித்தது. சோறு காடியாக இருந்தது. எது ரசத்தின் புளிப்பு, எது தன் வாயின் புளிப்பு என்று பிரிக்க முடியவில்லை.

"எப்படி இருக்கு, அந்தோணி?"

கெட்டுவிட்டது என்று சொன்னால் பூசை கிடையாது. உட்கார்ந்திருக்கும் சனத்தை எழுப்பி அனுப்ப வேண்டும். விமலாராணியின் ஆத்துமா, பாவம் கழியக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோ, வேறு ரசம் வரும்வரை, காத்திருக்க வேண்டும். அதற்குக் காரணம் தான் அடைக்காமல் விட்ட தக்கை.

"தேனாட்டம் இருக்குதுங்க சாமி" என்றார்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தார். பூசை முடிந்தது. சாமியார் உடுப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார். கண் கலங்கியிருந்தது.

"அந்தோணி, இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சுது. தொண்டையில ஒரு சூடு. அப்புறம் இனிப்பு. லேசா. நீ சொன்ன தேன். ஆறு வருஷமாச்சு. உன் விமலாராணி பூசையில கடவுள் எனக்கு ஒரு வாய் கொடுத்தார்."

அந்தோணிராஜ் குப்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிந்த குப்பியைத் திரும்பத் துடைத்தார்.

சாமியாருக்கு அந்தத் தேன் திரும்ப வரவில்லை. "தொண்டை கொஞ்சம் எரியுதே, அந்தோணி" என்று இரண்டு மூன்று முறை கேட்டார். "வயசான ரசமுங்க, அப்படித்தானுங்க இருக்கும்" என்று பதில். முதல் பொய்க்குத் துணையாக இது. அதற்குப் பிறகு துணை தேவைப்படவில்லை, சாமியார் கேட்பதை விட்டுவிட்டார். பழைய மாதிரி தினம் ஒரு சொல் மட்டும் கேட்டார். அந்தோணிராஜ் சொற்களை வெறும் நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நாவற்பழம், கரும்புப் பாகு, மடியில் சூடான சாவி.

அந்த வருஷத்தில் இறந்தவர்களுக்கான பூசை நாற்பத்திரண்டு. முதலாவது விமலாராணிக்கு. மீதி நாற்பத்தொன்றும் மில் குடும்பங்கள் கொடுத்தவை.

தை மாதத்தில் ராசாத்தாளுக்கு ஒரு பூசை வந்தது. வைண்டிங்கில் இருந்து ஓய்வு பெற்ற கிழவி. அன்றைக்குச் சொட்டை நாக்கில் வைத்தபோது அந்தச் சுரீருக்கு அடியில் வேறொன்று இருந்தது. புகையிலை. புகையிலையோடு கொஞ்சம் கிராம்பு. ராசாத்தாள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து எடுத்து வாயில் அடக்கிக்கொள்ளும் அதே சேர்மானம். அந்தோணிராஜ் துப்பினார். அது போகவில்லை. மத்தியானச் சோற்றிலும் இருந்தது. மறுவாரம் மாரப்பன் வீட்டுக் கைக்குழந்தைக்குப் பூசை. அன்றைக்கு வசம்பு. அதற்கடுத்து மில்லில் எந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜாபர். எந்திர எண்ணெய். அவர் எதையும் தேடிப் போகவில்லை. கண்ணில் ஒன்றும் தெரியவில்லை, காதில் ஒன்றும் கேட்கவில்லை. பட்டப்பகலில், மெழுகுவர்த்தித் தண்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொருவராக நாக்கில் வந்து நின்றார்கள். போன பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கியவர்கள் மாதிரி. கோபமாக இல்லை. நின்றார்கள், அவ்வளவுதான்.

நாற்பத்தொரு பேரும் வந்தார்கள். விமலாராணி வரவில்லை.

அவள் என்ன ருசியாக வருவாள் என்று அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பருத்திக்கொட்டையை அரைத்துப் பால் எடுத்து, சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சுவாள். அடி லேசாகப் பிடித்துவிடும். ஒரு தடவையாவது பிடிக்காமல் இருந்ததில்லை. அந்த அடிப்பிடித்த வாசம்தான் அவள். அது வரவில்லை. முதல் நாள் ரசம் வெறும் புளிப்பாக இருந்து, பூசை பூசையாகவே ஆகி, அவள் போய்ச் சேர்ந்துவிட்டாளா? அல்லது வந்து நிற்கவும் மனசில்லாமல் எங்கோ நிற்கிறாளா? காடியா, புளிப்பா என்பது அவருக்கு இப்போது ரசத்தைப் பற்றிய கேள்வி இல்லை.

சித்திரையில் ஒரு மருந்துப் புட்டியில் ரசத்தை ஊற்றி, துண்டில் சுற்றிக்கொண்டு, துடியலூர் போனார். வேறொரு நாக்கு வேண்டியிருந்தது. திருமலைசாமி நாயுடு தோட்டத்தில் நின்று ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தார். மதுவிலக்கு வருவதற்கு முந்தி பிராந்தியில் நல்ல பழக்கம் உள்ளவர் என்று பெயர். புட்டியைப் பார்த்ததும் முதலில் வாசல் கேட்டைத்தான் பார்த்தார்.

"ஏனுங்க கோவில்பிள்ளை, எனக்குப் பெர்மிட் இல்லீங்க. என்னய உள்ள தள்ளறதுக்கு வழி பாக்கறீங்களா?"

"ஒரு சொட்டுங்க. உங்க பழந்தானுங்க. கெட்டுப்போச்சா இல்லியான்னு மட்டும் சொல்லுங்க."

"ஏன், உங்க சாமி சொல்ல மாட்டாருங்களா?"

"அவருக்கு... நொம்ப நல்ல மனசுங்க. எல்லாமே நல்லாருக்குதும்பாரு."

நாயுடு உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சினார். கண்ணைச் சுருக்கினார். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். பிறகு இன்னும் கொஞ்சம்.

"இது எங்க ஊட்டுப் பழைய சோத்து நீச்சத்தண்ணியாட்டம் இருக்குதுங்க. மூணாம் நாள் நீச்சத்தண்ணி."

"காடிங்களா?"

"அதெப்படி? மூணாம் நாள் நீச்சத்தண்ணி எனக்கு உசுரு. எங்க ஊட்டுக்காரி பங்காரம்மா மோந்து பாத்தா மாட்டுக்கு ஊத்திப்போடுவா. காடின்னா காடி, இல்லேன்னா இல்லை. பத்து வருசமா இதுக்குன்னே வாய் காஞ்சு கெடக்கறேன், என்னயப் போயி கேக்கறீங்களே. இப்ப ஆத்துத்தண்ணியக் குடுத்தாலும் அமிர்தம்னுதான் சொல்லுவேன்." புட்டியைத் திருப்பிக் கொடுத்தார். அதில் கால்வாசிதான் மிச்சம் இருந்தது.

அந்தப் பீப்பாய் 1958 கார்த்திகையில் தீர்ந்தது. அடுத்த வருஷத்து ரசம் நன்றாக அமைந்தது. எப்படி அமைந்தது என்று அந்தோணிராஜுக்குத் தெரியாது. சொட்டு நாக்கில் பட்டதும் ராசாத்தாளின் புகையிலையும், குழந்தையின் வசம்பும், எந்திர எண்ணெயும் முந்திக்கொண்டு வந்தன. காடி இல்லை என்பது மட்டும் தெரிந்தது. மீதிக்குப் பழைய சொற்கள் இருந்தன.

1961இல் ஞானாபரணம் சாமியாரைச் சத்தியமங்கலத்துக்கு மாற்றினார்கள். புறப்படும் நாளில் பெட்டியைக் குதிரை வண்டியில் ஏற்றிவிட்டு அந்தோணிராஜ், "சாமி, ஒண்ணு சொல்லோணுங்க. எங்க ஊட்டு அம்மிணி முப்பதாம் நாள் பூசை..." என்று ஆரம்பித்தார்.

"நான் மறப்பேனா?" என்றார் சாமியார். அவர் தோளில் கை வைத்தார். "எனக்குச் சந்தேகம் வர்ற நாளெல்லாம் உண்டு, அந்தோணி. சாமியாருக்கும் வரும். அப்பெல்லாம் அந்தத் தேனை நினைச்சுக்குவேன். அது ஒண்ணுதான் எனக்குச் சாட்சி."

வண்டி போய்விட்டது.

பிறகு இரண்டு தடவை சத்தியமங்கலம் போனார். சொல்லிவிடுவதற்கென்றே போனார். இரண்டு தடவையும் சாமியார் அவரைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து, "வா, உட்காரு, சொல்லு. இங்க யாருக்கும் சொல்லத் தெரியலை. இப்ப அங்க ரசம் எப்படி இருக்கு?" என்றார். அந்த முகத்தைப் பார்த்தால் பொய்தான் வந்தது. நாவற்பழத்தையும் பஞ்சுத்தூசியையும் கொடுத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் திரும்பினார்.

புதிதாக வந்த சாமியார் இளைஞர். நல்ல நாக்கு. அவரே ருசி பார்த்துக்கொள்வார். "பரவாயில்லை" என்பார். வருஷம் முழுவதற்கும் அந்த ஒரு வார்த்தைதான்.

1963இல், ஈஸ்டருக்கு முந்திய தவசு காலத்தில், அவிநாசி ரோட்டில், தன்னைத் தெரியாத ஒரு கோவிலில், அந்தோணிராஜ் தன் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த வயதான குரல் எல்லாவற்றையும் குறுக்கிடாமல் கேட்டது.

"காடியா, புளிப்பா?" என்று கேட்டது.

"அதுதானுங்க சாமி எனக்குத் தெரியலீங்க."

"நீதானே ருசி பார்த்தவன். வேற யாருமில்லையே."

"அன்னிக்கு என்ற வாயி சரியில்லீங்க. பொண்டாட்டி போயி முப்பது நாளு. பொறகு... பொறகு அவங்கல்லாம் வந்துபோட்டாங்க. ரசம் எதுன்னே தெரியலீங்க."

"பொய் சொன்னதுக்கு மன்னிப்பு உண்டு. ஆனா அந்தப் பூசைகளை ஏத்துக்கிட்டது அந்தச் சாமியார். திரும்பச் செய்யறதோ, செய்யச் சொல்லி எழுதி வைக்கறதோ அவர்தான் செய்யணும். அவர் உசிரோட இருக்கும்போதே போய்ச் சொல்லிடு. ஒரு சொல்லு முடிவு பண்ணிக்கிட்டுப் போ. எது மாதிரி இருந்ததுன்னு சொல்லாதே. எதுன்னு சொல்லு."

ஒரு சொல்லை முடிவு பண்ண மூன்று வருஷம் ஆயிற்று. புளிப்பு என்று சொன்னால் எல்லாம் அப்படியே இருக்கும். சாமியாருக்கு அவருடைய தேன், விமலாராணிக்கு அவளுடைய பூசை, நாக்கில் நிற்கும் நாற்பத்தொரு பேருக்கு நிற்பு. காடி என்று சொன்னால் நாற்பத்திரண்டும் திரும்ப நடக்கும். ஆனால் நாக்குப் போன ஒரு மனிதரிடமிருந்து, பதினைந்து வருஷத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே வாயை, கையை விட்டு எடுத்துக் கீழே கொட்டியதாகும். இதற்குள் பூசையும் தமிழில் வந்துவிட்டது. இத்தனை வருஷம் லத்தீனில், தனக்குப் புரியாமல், சாமியாரின் முதுகுக்கு அந்தப் பக்கம் நடந்த காரியம், இப்போது முகத்துக்கு நேராக, பாத்திரத்தைத் தூக்கிக் காட்டி, தன் பாஷையிலேயே நடந்தது. ரசத்தைப் பற்றிய இடம் வரும்போது அந்தோணிராஜ் மணியடிக்க மறந்து நின்றார். இரண்டு முறை இளைய சாமியார் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

1966 ஆடி மாதம். ஒரு செவ்வாய்க்கிழமை, பூசை முடிந்ததும் இளைய சாமியார் சொன்னார்.

"உங்க பழைய சாமியாருக்கு ரொம்ப முடியலையாம். சத்தியமங்கலத்துல நேத்து கடைசி அவஸ்தைப் பூசுதல் கொடுத்தாங்களாம். நினைவு வந்து வந்து போகுதாம்."

அந்தோணிராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். சத்தியமங்கலத்துக்குப் பஸ்ஸில் போனால் மத்தியானம் ஆகும். அதைவிட, போனால் அந்த முகம் இருக்கும், பொய்தான் வரும். அவர் துடியலூர் பஸ்ஸில் ஏறினார்.

நாயுடு வீட்டில் இரண்டு வருஷமாக டெலிபோன். கூடத்தில், நாற்காலிக்குப் பக்கத்தில், கோமளா பின்னிய பூத்துணியை அதன்மேல் போர்த்தியிருந்தார்கள். கோமளா நாயுடுவின் மருமகள்.

"சத்தியமங்கலத்துக்குங்களா? டிரங்க் கால் போடோணும். ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகுமுங்க" என்றார் நாயுடு. அவருக்கும் இப்போது தலை நரைத்துவிட்டது. எண்ணைச் சொல்லிப் பதிவு செய்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "என்ன விசயமுங்க? கெட்ட சேதியா?"

"ஒரு வார்த்தை சொல்லோணுங்க அவருகிட்ட. அவ்வளவுதான்."

"அன்னிக்குப் புட்டில கொண்டாந்தீங்களே, அந்த விசயமா?"

அந்தோணிராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் மறக்கலீங்க" என்றார் நாயுடு. "அப்ப வெளையாட்டாச் சொல்லிப்போட்டேன். நீங்க போன பொறகு கையி ரெண்டு நாளைக்கு மணந்துச்சு. கழுவக் கழுவப் போகலே."

"என்ன வாசமுங்க?"

நாயுடு உள்ளங்கையைப் பார்த்தார். "சொன்னாச் சிரிப்பீங்க. பருத்திப்பாலு. அடிப்புடிச்ச பருத்திப்பாலு. எங்க ஊட்டுல அத யாருமே காச்சறதில்லீங்க."

அந்தோணிராஜ் சிரிக்கவில்லை. கோமளா காப்பி கொண்டுவந்து வைத்தாள். "குடிங்க, ஆறிரும்" என்றாள். அவர் டம்ளரைத் தொடவில்லை. எட்டு வருஷமாகத் தன் நாக்கில் தேடிக்கொண்டிருந்தவள், அவளுக்கு முன்பின் தெரியாத ஒரு தோட்டக்காரரின் கையில் ரெண்டு நாள் நின்றுவிட்டுப் போயிருக்கிறாள். நிற்க வேண்டியவர்கள் வரிசையில் அவளும் இருந்திருக்கிறாள். தன் வாய் மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

சொல் முடிவாகிவிட்டது.

மணி அடித்தது. நாயுடு எடுத்து, "ஆமாங்க, போடுங்க" என்று சொல்லி, ரிசீவரை அவர் கையில் கொடுத்தார். எந்தப் பக்கம் காது, எந்தப் பக்கம் வாய் என்று கோமளா திருப்பிக் காட்டினாள். தூரத்தில், மோயாற்றுக் காட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு சாமியார் வீட்டில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூடம் அவருக்குத் தெரியும். நாற்காலி, கொசுவலை, ஜன்னலோரம் மருந்துக் குப்பிகள். காதருகே மணி அடித்து ஓய்ந்தது. திரும்ப அடித்து ஓய்ந்தது.

"காடிங்க சாமி" என்று வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். நாக்கு காய்ந்திருந்தது. பொதியை உடைக்கும்போது எச்சியெல்லாம் இழுத்துக்கொள்ளுமே, அதாட்டம்.

இடையில் எக்ஸ்சேஞ்சுப் பெண்ணின் குரல் வந்தது. "ஏனுங்க, சத்தியமங்கலத்துல யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. வெச்சிரட்டுங்களா?"

"வெச்சிராதீங்க அம்மிணி" என்றார் அந்தோணிராஜ். "அடிக்கட்டும்."

மணி அடித்தது.